மூடியில்லாத பீவாளியும் மூடிவைத்த சட்டமும்

ஒழுக்கத்தைப் படம்போட்டுச் சொல்லித்தருகிறவர்கள் யாரைப் படத்துக்குள் கொண்டுவருகிறார்கள், யாரைக் கொண்டுவராமல் விடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும், அந்த ஒழுக்கம் யாருடையது என்று தெரிந்துவிடும். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து சிப்காட் பக்கம் போகிற வழியில் சுவர்களைப் பாருங்கள். 2014 அக்டோபர் 2இல் தூய்மை இந்தியா தொடங்கிய பிறகு வரைந்தவை, மழையில் கரைந்து மறுபடி வரைந்தவை. ஒருத்தன் குந்தியிருக்கிறான். கறுத்த உடம்பு, கட்டம்போட்ட லுங்கி, பக்கத்தில் சொம்பு. அவனைப் பார்த்து ஒரு சிவத்த பிள்ளை விரல் நீட்டுகிறது. பிள்ளைக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும் இஸ்திரி போட்ட உடுப்போடு நிற்கிறார்கள். மூலையில் காந்தியின் மூக்குக்கண்ணாடி. குந்தியிருக்கிறவனின் சாதியை ஓவியர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கறுப்பும் லுங்கியும் சொம்பும் சேர்ந்தால் இந்த நாட்டில் அதுவே சாதிச் சான்றிதழ்.

இந்தப் படங்களுக்கு மூத்த பங்காளிகள் ஜப்பானில் இருக்கிறார்கள். அந்தக் காலத்து மரக்கட்டை அச்சுப் படங்கள் சிலவற்றின் நகலைப் பெங்களூரில் படிக்கிற ஒரு தோழர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து ஓசூர்ச் சுவர்களை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1872 நவம்பரில் டோக்கியோ நகரத்துக்கு ஒரு சட்டம் வந்தது. இஷிகி காயி ஜோரெய் என்று பெயர். தெரிந்தே முறை மீறுவது இஷிகி, அசட்டையால் தவறுவது காயி. இரண்டுமே சாதாரண சனங்களின் வாயில் நுழையாத பண்டிதச் சொற்கள், நம்மூர் வக்கீல் நோட்டீசுத் தமிழ் மாதிரி. அடுத்த வருஷம் மற்ற பகுதிகளுக்கும் இதேபோன்ற விதிகள் வந்தன. டோக்கியோ சட்டத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட விதிகள். தெருவில் அம்மணமாகவோ தோளும் தொடையும் தெரியவோ நடமாடக்கூடாது. கழிப்பிடம் அல்லாத இடத்தில் மூத்திரம் பெய்யக்கூடாது. உடம்பில் பச்சை குத்தக்கூடாது. பொதுக் குளியல்கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கக்கூடாது. பெண்பிள்ளை காரணமில்லாமல் முடியை வெட்டிக்கொள்ளக்கூடாது. சாக்கடையில் குப்பை கொட்டக்கூடாது. பீ அள்ளிப் போகிற வாளி மூடியில்லாமல் போகக்கூடாது. மீறினால் அபராதம். அபராதம் கட்ட வக்கில்லாதவனுக்குப் பெரிய குற்றமானால் பிரம்படி, சின்னக் குற்றமானால் காவல்.

இந்த விதிகளைச் சனங்களுக்குப் புரியவைக்கத்தான் படம். ஒரு தாளில் வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு குற்றம், அதைச் செய்துகொண்டிருக்கிற ஆள், மேலே விதியின் வாசகம். கூத்து நடிகர்களையும் ஃபூஜி மலையையும் அச்சடித்த அதே தொழில்தான். செர்ரி மரப் பலகையில் செதுக்கி, வண்ணத்துக்கு ஒரு பலகை வைத்து ஒற்றி எடுப்பார்கள். வேலைப்பாடு அருமையானது, அதை மறுப்பதற்கில்லை. அதைவிடக் கவனிக்கவேண்டியது, கட்டத்துக்குள் உயிரோடு இருப்பவர்கள் குற்றவாளிகள்தான். துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவன், சுவரோரம் ஒதுங்குகிறவன், வாளி சுமக்கிறவன். பிடிக்க வருகிற போலீசுக்காரன் வெறும் தொப்பியும் தடியுமாக நிற்கிறான். சைத்ரிகனின் கை யார் பக்கம் சாய்ந்தது என்பது கோட்டிலேயே தெரிகிறது. சட்டம் போட்டவனுக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு கதை.

யாருடைய தோள், யாருடைய தொடை? ரிக்‌ஷா இழுத்தவன், மூட்டை தூக்கியவன், மண் வெட்டியவன் உடம்புதான். கோடையில் கோவணத்தோடு வேலை செய்தவன் அதுவரைக்கும் யார் கண்ணுக்கும் அம்மணமாகத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் துறைமுகத்தில் வந்து இறங்கினான், உடனே அம்மணமாகிப் போனான். 1858இல் அமெரிக்கா முதலான நாடுகள் ஜப்பானின் கழுத்தைப் பிடித்து எழுதிவாங்கிய சமமில்லாத ஒப்பந்தங்களைத் திருத்தவேண்டுமானால், நாங்களும் நாகரிகமானவர்கள்தான் என்று வெள்ளையனுக்குக் காட்டவேண்டும். காட்டுவதற்கு மேட்டுக்குடியின் உடம்பு ஏற்கெனவே துணிக்குள் இருந்தது. மிச்சமிருந்தது கூலிக்காரன் உடம்பு. நாட்டின் மானத்துக்கு அவன் அபராதம் கட்டினான்.

நம் பக்கத்து ஆட்கள் அந்த நாட்டிலும் உண்டு. தோல் பதனிடுதல், செத்த மாடு அகற்றுதல், தண்டனை நிறைவேற்றுதல் போன்ற தொழில்களில் கட்டிவைக்கப்பட்டுத் தனிச்சேரியில் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களை எதா என்றார்கள், அழுக்கு மிகுந்தது என்று எழுத்திலேயே பொருள். இன்னொரு கூட்டத்தை ஹினின் என்றார்கள், மனிதரல்லாதவர் என்று அர்த்தம். 1871இல், அதாவது ஒழுக்கச் சட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால், இந்தப் பெயர்களை ஒழித்து எல்லோரும் குடிமக்களே என்று அரசாணை வந்தது. அந்த ஆணையோடு செத்த மாட்டின்மேல் இருந்த உரிமையும், சேரி நிலத்துக்கு இருந்த வரிவிலக்கும் போயின. பெயர் போனதா? பல இடங்களில் ‘புதுக்குடியானவர்’ என்று குறித்துவைத்தார்கள். காந்தி இங்கே ஹரிஜன் என்று வைத்தாரே, அந்த மாதிரி, இழிவைத் துவைத்துக் காயப்போட்ட பெயர். ஊர்க் குளியல்கூடத்தில் அவர்களைச் சேர்க்கவில்லை. ஒழுக்கச் சட்டமோ குளியல்கூடத்துக்குள் ஆணும் பெண்ணும் எப்படி இருக்கவேண்டும் என்று படம் போட்டது. கதவில் நின்று ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புகிறவனுக்கு நான் பார்த்த எந்தத் தாளிலும் ஒரு கட்டமில்லை.

1873இல் மிமசாகா பகுதியில் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். கட்டாய ராணுவச் சேவை வேண்டாம் என்றார்கள். எதா ஒழிப்பாணையும் வேண்டாம் என்றார்கள். ஒதுக்கப்பட்டோர் ஊர்களுக்குக் கும்பலாகப் போய், இனிமேல் பழையபடி பணிந்து நடப்போம் என்று மன்னிப்புச்சீட்டு எழுதிக்கேட்டார்கள். எழுதித்தர மறுத்த ஊரைக் கொளுத்தினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். அந்தச் சீட்டில் கேட்டதும் பொது ஒழுக்கம்தானே? எதிரில் வருகிறவனைக் கண்டால் எப்படி நிற்கவேண்டும், எப்படிப் பேசவேண்டும் என்பதுதானே? அதை யாரும் மரத்தில் செதுக்கவில்லை. செதுக்க வேண்டிய அவசியமில்லாமல் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த விதி அது.

மனப்பாடமான விதி என்றதும் எனக்கு எம்.ஏ. வகுப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. பதினெண்கீழ்க்கணக்கில் ஆசாரக்கோவையை நீதி நூல் என்று நடத்தினார்கள். பெருவாயின் முள்ளியார் பாடியது, நூறு வெண்பா. எங்கெங்கே எச்சில் துப்பக்கூடாது, மலசலம் கழிக்கக்கூடாது என்று பத்து இடங்களை அதில் கணக்காகச் சொல்லியிருக்கிறது. பகலில் எந்தத் திசை பார்த்து உட்காரக்கூடாது, இரவில் எந்தத் திசை என்றுகூட உண்டு. டோக்கியோக்காரன் தோற்றான். அதே நூலில், எப்போதெல்லாம் குளித்தே ஆகவேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. வாந்தியெடுத்தால், முடி மழித்தால் என்று போகிற அந்தப் பட்டியலில் கீழ்மக்களின் உடம்பு மேலே பட்டாலும் குளி என்று இருக்கிறது. வாத்தியார் அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போனார். கடைசி பெஞ்சில் நாங்கள் மூன்று பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நாங்கள்தான் அந்தப் பட்டியலில் இருந்தோம், வாந்திக்குப் பக்கத்தில். ஒண்ணுக்குப் போவதற்கும் எங்களைத் தொடுவதற்கும் ஒரே சட்டப்புத்தகம்!

வெள்ளைக்காரன் வந்து இதைக் கலைத்தானா என்று கேட்டால், அவனும் எழுதித்தான் வைத்தான். சென்னை மாகாணத்தின் 1816ஆம் வருஷத்து ஒழுங்குவிதி ஒன்று, சில்லறைச் சண்டைக் கேசுகளில் கிராமத் தலையாரியல்ல, கிராமத் தலைவனுக்கே தண்டிக்கிற அதிகாரத்தைக் கொடுத்தது. மற்றவனைக் கொஞ்ச நேரம் அடைத்துவைக்கலாம். தாழ்ந்த சாதிக்காரன் என்றால் தொழுமரத்தில் மாட்டலாம். அந்த இழிவு அவனுக்குப் பொருத்தமானதுதான் என்கிற தொனியிலேயே விதி எழுதப்பட்டிருந்தது. பிறகு 1888இல் சென்னை நகரப் போலீஸ் சட்டம், 1889இல் ஊர்களுக்கான தொல்லைகள் தடுப்புச் சட்டம். பிளாட்பாரத்தில் கடை போட்டவரைப் பார்த்து, ‘நியூசென்ஸ் கேஸ் போட்டுருவேன்’ என்று இன்றைக்கும் ஏட்டய்யா மிரட்டுகிறாரே, அந்த வார்த்தையின் பூர்வீகம் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானின் சட்டத்துக்குப் பதினேழு வருஷம் இளையது இது. படம் மட்டும்தான் இல்லை.

ஜப்பானோடு ஒட்டியும் வெட்டியும் பார்க்கவேண்டியது இராமநாதபுரத்தை. 1930 டிசம்பரில் அங்கே கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து 1931 ஜூனில் அது பதினொன்றானது. ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது, கிராப் வெட்டக்கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, தாவணியால் மாரை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது, பொன் வெள்ளி கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியமும் ஆடுமாடும் போயின. டோக்கியோவில் தோள் தெரிந்தால் அபராதம், இராமநாதபுரத்தில் தோளை மூடினால் தீ. வடக்கும் தெற்குமாகத் தெரிகிற இந்த இரண்டு விதிகளையும் எழுதின கை ஒன்றுதான். உன் உடம்பில் எவ்வளவு தெரியலாம் என்று முடிவு செய்கிறவன் நீ இல்லை என்கிறது அந்தக் கை. துணி வெறும் சாக்கு.

இப்போது அந்த வாளிக்கு வருகிறேன். ஜப்பானில் பீ அள்ளுவது தீண்டத்தகாத வேலையாக இருக்கவில்லை. வயலுக்கு எரு வேண்டும் என்று குடியானவனே காசு கொடுத்து வாங்கி, தானே சுமந்துகொண்டு போனான். வீட்டுக்காரன் பீயை விற்றான், விலை ஏறியது, இறங்கியது, தகராறுகூட நடந்தது. பீயைத் தொடுவதனால் ஒருத்தன் தீண்டத்தகாதவன் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அங்கே அது பண்டம், இங்கே அது பிறப்பு. அங்கே சட்டம் வாளிக்கு மூடி கேட்டது. இங்கே 1993இல் ஒன்றும் 2013இல் ஒன்றுமாக இரண்டு சட்டங்கள் வாளியையே ஒழிக்கச் சொல்லியும், மலக்குழியில் செத்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச்சொல்லி 2014இல் உச்சநீதிமன்றம் உத்தரவு போடவேண்டியிருந்தது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தவேண்டியிருந்தது. சாவு நிற்கவில்லை, தொகைதான் ஏறியது. குழிக்குள் ஆளை இறக்கிவிட்டு மேலே நிற்கிற ஒப்பந்தக்காரனுக்கு ஓசூர்ச் சுவரில் ஒரு கட்டம் உண்டா?

தொழிற்சாலைக்குள் போனால் ஜப்பான் நேராகவே வந்து நிற்கிறது. 1980களில் சுசூகியோடு கூட்டுச் சேர்ந்து இந்த ஊரில் மோட்டார்சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள், 2001 வரை அந்தக் கூட்டு இருந்தது. கூட்டுக் கலைந்தாலும் படம் தங்கிவிட்டது. இன்றைக்குச் சிப்காட்டில் சின்னப் பட்டறைகளில்கூட ‘ஐந்து எஸ்’ பலகை தொங்குகிறது. செய்ரி, செய்தோன், செய்ஸோ, செய்கெத்ஸு, ஷித்ஸுகே. வேண்டாததை ஒதுக்கு, ஒழுங்காய் அடுக்கு, துடை, அதை அப்படியே காப்பாற்று, கடைசியில் ஒழுக்கம். ஷித்ஸுகே என்பது பிள்ளைகளை வளைத்து வளர்ப்பதற்கும் சொல், துணியைத் தைக்குமுன் ஓட்டுத்தையல் போடுவதற்கும் அதே சொல்லாம். தைத்து முடித்தபின் அந்த நூலைப் பிரித்துவிடுவார்கள். இங்கே பிரிப்பதில்லை.

பலகையில் ஸ்பானர் எங்கே இருக்கவேண்டும் என்று படம் இருக்கிறது. துடைப்பம் எங்கே தொங்கவேண்டும் என்றும் படம் இருக்கிறது. துடைப்பத்தைப் பிடிக்கிற அம்மாவுக்குப் படமில்லை. ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலையில் ஒப்பந்தத்துக்கு இருக்கிற பெண்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, கக்கூஸ் பக்கம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் காலனிக்காரர்கள் என்று தெரிந்தது. யார் பிரித்தார்கள் என்று கேட்டேன். ‘யாரும் பிரிக்கல சார். பேரு எழுதும்போதே எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. தெருவைச் சொன்னா தெரிஞ்சுரும்ல’ என்றார் ஒரு அக்கா. இன்னொருவர் சிரித்துக்கொண்டே, ‘எல்லாத்தையும் அதது எடத்துல வைக்கணும்னு போட்டிருக்காங்களே, எங்களயும் வச்சுட்டாங்க’ என்றார். ஐந்து எஸ் பற்றி நான் படித்த எதையும்விட இது சரியான வியாக்கியானம்.

படம் சிரிப்புக்குரியது என்று விட்டுவிடக்கூடாது. 2019 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிவ்புரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் திறந்தவெளியில் மலம் கழித்தார்கள் என்று இரண்டு தலித் பிள்ளைகளை அடித்தே கொன்றார்கள். அவர்கள் வீட்டில் கக்கூஸ் இல்லை. சுவரில் குந்தியிருக்கிறவனை நோக்கி நீட்டிய விரல் அங்கே தடியானது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டம் சவனூரில், 2010 ஜூலையில் நகராட்சி தங்களைக் குடியிருப்பிலிருந்து காலி செய்யப் பார்த்ததை எதிர்த்து பங்கி சாதித் தொழிலாளர்கள் நகராட்சி அலுவலகத்துக்கு முன்னால் தங்கள்மேலேயே பீயைப் பூசிக்கொண்டு நின்றார்கள். பொது ஒழுக்கப்படி பார்த்தால் பெருங்குற்றம். ஊர் மூக்கைப் பொத்தியது. ஊரின் கக்கூசை அவர்கள் தலையில் சுமந்த காலமெல்லாம் பொத்தாத மூக்கு.

அப்படியானால் பொது ஒழுக்கமே வேண்டாமா, தெருவில் யாரும் எதுவும் செய்யலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒழுக்கத்தையே எதிர்ப்பதுதான் கலகம் என்று எழுதுகிற தோழர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கக்கூஸ் எங்களுக்கும் வேண்டும், சுத்தமான தெருவும் வேண்டும், மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும். நம் முன்னோர்கள் ஒழுக்கவிதி கேட்டவர்கள். தொல்லைகள் தடுப்புச் சட்டம் வந்து இரண்டே வருஷத்தில், 1891 டிசம்பரில், நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டிய திராவிட மகாஜன சபை மாநாட்டில் பத்துத் தீர்மானங்கள் போட்டார்கள். பறையன் என்று சொல்லி இழிவுபடுத்துவதைச் சட்டப்படி குற்றமாக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சிறைச்சாலையில் பறையர்களை மட்டும் இழிவேலைக்கு ஏவுகிற விதியை எடுக்கவேண்டும் என்பது இன்னொன்று. தெருவில் எப்படிப் பேசவேண்டும் என்று ஊர்க்காரனுக்குச் சேரிக்காரன் எழுதிக்கொடுத்த விதி இது. ஜப்பானிலும் இப்படித்தான். 1922 மார்ச் 3இல் கியோட்டோவில் கூடிய சுய்ஹெய்ஷா, எங்களைச் சொல்லாலோ செயலாலோ இழிவு செய்கிறவனை விடமாட்டோம், நேரில் நிறுத்திக் கேட்போம் என்று தீர்மானம் போட்டது. நீலகிரிக்குப் பிறகு முப்பது வருஷம்.

1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று அரசாணையாக்கினார். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொது இடத்தில் சாதி சொல்லி இழிவு செய்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல், ஐந்து வருஷம் வரை சிறை. செத்த மாட்டைத் தூக்கு, பீயை அள்ளு என்று சாதி காரணமாகக் கட்டாயப்படுத்தினாலும் குற்றம். இவ்வளவும் பொது ஒழுக்க விதிகள்தான். இவற்றை எந்தச் சுவரில் படமாகப் பார்த்தீர்கள்? பள்ளிப் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதில் ஆளே கிடையாது. செய்கிறவன் யார், எங்கே, எப்படி, எத்தனை மாதம் என்று ஒன்றுமில்லை. ஒண்ணுக்குப் போகிறவனுக்கு முகம் வரைந்த அரசாங்கம், தனிக் கிளாஸ் வைக்கிறவனுக்கு முகம் வரைய வெட்கப்படுகிறது.

ஜப்பானில் விதியை மரப்பலகை சொன்னது. நம்மூரில் பறை சொன்னது. ஊர்க்கட்டுப்பாட்டையும் அரசாங்க அறிவிப்பையும் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டது நம்மாள்தான், தன்னைக் கட்டுகிற விதியைத் தானே அடித்துச் சொன்னான். தண்டோரா போடவேண்டாம், ஒலிபெருக்கி இருக்கிறது என்று அரசு 2022 ஆகஸ்டில்தான் சுற்றறிக்கை விட்டது. நல்லது. அந்தக் கை இப்போது சும்மா இருக்கிறது. தூரிகை பிடிக்கட்டும்.

ஜப்பான்காரனின் கட்ட முறையை நாம் எடுத்துக்கொள்வோம். கட்டத்துக்கு ஒரு குற்றம், ஒரு ஆள், கீழே சட்டப்பிரிவும் தண்டனையும். கிருஷ்ணகிரி, ஓசூர் கல்லூரிகளில் படிக்கிற மாணவர்கள் வரையட்டும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் எழுதட்டும், இந்த எல்லையில் மூன்று மொழியிலும் சாதி பேசுகிறார்கள். ஒரிசா, பீகார் கூலிகளுக்காக இந்தியிலும் ஒரு வரி. டீக்கடையில் நம் பையனுக்குப் பேப்பர் கப்பும் மற்றவனுக்குக் கண்ணாடிக் கிளாசும் நீட்டுகிற கை ஒரு கட்டம். வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரிடம், ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்கிற வாசற்படி ஒரு கட்டம். வேலைக்குப் பேர் எழுதும்போது தெருவைக் கேட்கிற சூப்பர்வைசர், கிராப் வெட்ட மறுக்கிற சலூன், குழிக்கு மேலே நின்று கயிறு பிடிக்கிற ஒப்பந்தக்காரன். ஆட்களை அசிங்கமாக வரையவேண்டாம். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதியோ நாமமோ, நல்ல முகம், நிஜத்தில் இருக்கிற மாதிரியே.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் வருஷத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நம் படத்துக்கு அது உடனே ஞாபகம் வரும், கேஸ் போடுவார்கள். போடட்டும், கோர்ட்டில் படத்தைத்தானே சாட்சியாகக் காட்டவேண்டும். பெயிண்ட் செலவுக்குச் சங்கத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். சுவர்தான் கிடைக்க வேண்டும். காலனிச் சுவரைத் தருகிறோம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அது வேண்டாம், காலனிக்கு இதெல்லாம் தெரியும். ஊருக்குள்ளே, டீக்கடைக்கு எதிர்ச்சுவர் வேண்டும்.